அப்பாவின் சீ.ஆர். கொப்பி

இருபத்திரண்டு வருடமாக உயர்தர வகுப்புக்கு அளவையியல் படிப்பிக்கிறேன். முதல் தவணை தொடங்கி இரண்டாம் கிழமைக்குள் அந்த உதாரணம் வந்துவிடும். மனிதர் எல்லோரும் இறப்பவர், சோக்கிரட்டீஸ் மனிதர், ஆகவே சோக்கிரட்டீஸ் இறப்பவர். ஒருமுறை பின்வாங்கில் இருந்த பொடியன் ஒருவன் எழும்பி, "டீச்சர், அந்தாள் எப்பவோ செத்திட்டார்தானே, பிறகேன் இன்னும் 'ஆகவே' எண்டு இழுக்கிறியள்?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, வாதம் வலிதாக இருப்பது வேறு, முடிவு உண்மையாக இருப்பது வேறு என்று கரும்பலகையில் எழுதத் தொடங்கினேன். சோக்கிரட்டீஸின் பெயரை அழித்துவிட்டு அதே இடத்தில் எங்கள் அப்பாவின் பெயரைப் போட்டுப் பார்க்க ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை.

2022 யூனில் போட்டுப் பார்க்க வேண்டி வந்தது.

அப்பாவுக்கு அப்போது 84 வயது. இருதயம் பலவீனம், அதோடு சிறுநீரகமும் கைவிடத் தொடங்கியிருந்தது. டயாலிசிஸ் செய்யலாம், ஆனால் இந்த இருதயம் தாங்குமோ தெரியாது என்றார்கள். "வேண்டாம்" என்று அப்பாவே சொல்லிவிட்டார். டொக்டர் என்னை மட்டும் விறாந்தைக்குக் கூப்பிட்டு, இனிச் சில கிழமைகள்தான், வீட்டுக்குக் கொண்டுபோய் ஆறுதலாகப் பாருங்கோ என்றார். நான் முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போய், "ரிப்போட் எல்லாம் நல்லாயிருக்காம் அப்பா" என்றேன். மூன்று நாள் இந்த நாடகம் ஓடியது. நாலாம் நாள், திருகோணமலை பாலையூற்றில் எங்கள் வீட்டுச் சாய்மனைக் கதிரையில் இருந்தபடி அப்பா கேட்டார்: "டொக்டர் எத்தினை கிழமை எண்டவர்?"

நான் பேசாமல் நின்றேன்.

"சரி. அலுமாரிக்குள்ள சீ.ஆர். கொப்பி ஒண்டு கிடக்கு. எடுத்துக்கொண்டு வா."

சாகப்போகிறவருக்குத் தன் சாவு தெரியாது என்று நாங்கள்தான் நினைத்துக்கொள்கிறோம். உடம்பு அவருக்கு ஏற்கெனவே சொல்லியிருக்கும். நான் ஒளித்த மூன்று நாளில் அப்பா என்னோடு பேசியிருக்கக்கூடிய எத்தனையோ கதை போய்விட்டது. அந்த மூன்று நாளில் அவருக்குக் குரலும் நன்றாக இருந்தது. இன்றைக்கும் அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

அப்பா தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் என்று இந்த மாவட்டத்துக்குள்ளேயே சுற்றினார். அந்தக் காலத்தில் தந்தி வந்தாலே வீட்டில் அழுகை தொடங்கிவிடும், பிரித்துப் பார்க்கும் வரை பொறுக்கமாட்டார்கள். ஊரில் யார் செத்தாலும் முதலில் தெரிந்துகொள்பவர் அப்பாதான். தந்திக்குச் சொல்லுக்குச் சொல் காசு என்பதால், துக்கத்தைச் சுருக்கி எழுதிக் கொடுக்க ஆட்கள் அவரிடம்தான் வருவார்களாம். "'அன்பான' எண்ட சொல்லைத்தான் முதல் வெட்டுறது. செத்தவருக்கும் தெரியும், வாசிக்கிறவருக்கும் தெரியும், பிறகேன் அதுக்குக் காசு?" என்பார்.

அந்தத் தடித்த அட்டைக் கொப்பி நான் நினைத்ததுபோல நாட்குறிப்பு இல்லை. கணக்கு. இடப்பக்கம் 'வர வேண்டியது', வலப்பக்கம் 'கொடுக்க வேண்டியது'. பேனையை வாங்கி இடப்பக்கங்கள் எல்லாவற்றுக்கும் மேலே குறுக்கே ஒவ்வொரு கோடு இழுத்தார். கடன் வாங்கித் திருப்பித் தராத சொந்தக்காரர் இரண்டு பேர் அந்தக் கோட்டோடு தப்பினார்கள். (அதில் ஒருவர் செத்தவீட்டில் எல்லோரையும்விடச் சத்தமாக அழுதார், அது வேறு கதை.) "இதுகளை வைச்சால் நீ அலைவாய். மற்றப் பக்கத்தை மட்டும் பார்."

மற்றப் பக்கம் இப்படி இருந்தது: மருந்துக்கடை, 1,840 ரூபாய். பத்திரகாளி அம்மன் கோயில் அன்னதானத்துக்கு நேர்ந்த அரிசி, 25 கிலோ. பால்காரர், ஆறு நாள். நூலகப் புத்தகம் ஒன்று. தம்பி, வேலிக் கதை. குடை ஒன்று, துறையடிக் காக்கா, 1988 கார்த்திகை.

பால், மருந்து, புத்தகம் எல்லாம் ஒரு நாளில் முடிந்தன. வேலிக் கதை அப்படியல்ல.

அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் 1998 முதல் பேச்சு இல்லை. பக்கத்துப் பக்கத்துக் காணி. கதிகால் மாற்றி நட்டபோது எங்கள் வேலி ஒரு முழம் அங்காலே போய்விட்டது என்பது சித்தப்பாவின் கட்சி. இல்லை என்பது அப்பாவின் கட்சி. இரண்டு பேரும் ஒரே கோயிலில் ஒரே வரிசையில் நின்றும் முகம் பார்க்கமாட்டார்கள். நான் கொப்பியைப் பிடித்துக்கொண்டு, "இதென்ன அப்பா, வேலிக் கதை 'கொடுக்க வேண்டியது' பக்கத்தில கிடக்கு?" என்று கேட்டேன். "எங்கட பிழைதான். அளந்து பார்த்தனான்" என்றார். எப்போது அளந்தீர்கள் என்று கேட்டதற்கு, "2003" என்று பதில் வந்தது. பத்தொன்பது வருடம் தெரிந்துகொண்டே இருந்திருக்கிறார்.

சித்தப்பாவைக் கூட்டிவரப் போனபோது அவர் படலையடியில் நின்றபடியே கேட்டார், வர மாட்டேன் என்றார். அன்று பின்னேரம் தானாகவே வந்தார். கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு இருந்தார். இரண்டு பேரும் வேலியைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. நாடு நெருக்கடியில் இருந்த நேரம், பெற்றோல் வரிசை, மின்வெட்டு, அரிசி விலை என்று கொஞ்ச நேரம் பேசினார்கள். பிறகு சித்தப்பா அப்பாவின் கையை எடுத்துப் பார்த்து, "நகம் வளர்ந்து கிடக்கு, ஒருத்தரும் பார்க்கிறேல்லையோ?" என்று என்னை முறைத்துவிட்டு, நகவெட்டி கேட்டு வாங்கி, பத்து விரலையும் வெட்டிவிட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் வந்தார். காணியில் அந்த ஒரு முழம் பிறகு எழுத்தில் முடிந்தது, ஆனால் என் கணக்கில் அது முடிந்தது அந்த நகத்தோடுதான்.

இரவில் நான்தான் முழித்திருப்பேன். கரண்ட் போய்விடும், விசிறி நின்றுவிடும், பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டு இருப்பேன். அப்பாவுக்கும் நித்திரை வராது. பேச்சு மெல்ல நான் படிப்பிக்கிற பக்கம் போகும். சாவைப் பற்றி உன்ர தத்துவக்காரர் என்ன சொல்லியிருக்கினம் என்று கேட்பார்.

எபிக்கியூரஸ் சொன்னதைச் சொன்னேன். கிறிஸ்துவுக்கு முன் நாலாம், மூன்றாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த கிரேக்கர். நாம் இருக்கும் வரை சாவு இல்லை, சாவு வந்த பிறகு நாம் இல்லை, ஆகவே பயப்பட ஒன்றுமில்லை என்பது அவருடைய வாதம். வகுப்பில் பிள்ளைகளுக்கு இது நல்ல விருப்பம். கணக்குப் போல முடிந்துவிடும். அப்பா கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "சரி. எனக்கும் பிரச்சினை இல்லை, சாவுக்கும் பிரச்சினை இல்லை. பெட்பான் எடுக்கிற நீ எந்தப் பக்கம்?"

பதில் சொல்ல முடியவில்லை. அந்த வாதம் சாகிறவருக்கும் சாவுக்கும் இடையில் மட்டும் நடக்கிறது. பக்கத்தில் இருப்பவளுக்கு அதில் இடமில்லை. ஆனால் எபிக்கியூரஸுக்கு அநியாயம் செய்யக்கூடாது. தான் சாகும் தறுவாயில், சிறுநீர்க் கல் வலியோடு, அவர் நண்பருக்கு ஒரு கடிதம் எழுதினார். வலி பெரிதுதான், நாம் பேசிய பேச்சுகளின் நினைவு அதற்கு ஈடாக நிற்கிறது என்று எழுதிவிட்டு, இறந்துபோன இன்னொரு நண்பரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார். சாவு நமக்கு ஒன்றுமில்லை என்றவர், சாவதற்கு முன் பிள்ளைகளுக்கு ஒழுங்கு செய்துவிட்டுத்தான் போனார். இதைச் சொன்னதும் அப்பாவுக்கு அவரைப் பிடித்துவிட்டது.

சோக்கிரட்டீஸையும் சொன்னேன். கி.மு. 399இல் ஏதென்ஸில் நஞ்சைக் குடித்துவிட்டுப் படுத்திருக்கிறார். கால் மரத்து, குளிர் மேலே ஏறுகிறது. முகத்தை மூடியிருந்த துணியை விலக்கி நண்பரிடம் கடைசியாக ஒன்று சொல்கிறார்: கிரிட்டோ, அஸ்கிளிப்பியஸ் தெய்வத்துக்கு நாங்கள் ஒரு சேவல் கொடுக்க வேண்டியிருக்கிறது, மறந்துவிடாமல் கொடுத்துவிடு. நோய் தீர்ந்தவர்கள் அந்தத் தெய்வத்துக்குக் காணிக்கை வைப்பது வழக்கம். அதனால் உயிர்வாழ்தலே ஒரு நோய், சாவு அதற்கு மருந்து என்பதைத்தான் அவர் குறிப்பாகச் சொன்னார் என்று பல அறிஞர்கள் பொருள் சொல்வார்கள். நானும் அப்படித்தான் படிப்பித்தேன். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "சேவல் எண்டால் சேவல்தான். நேர்ந்திருப்பார், மறந்திருப்பார், கடைசியில நினைவு வந்திருக்கும். நல்ல தபால்காரன் மாதிரி, பையில ஒரு கடிதமும் மிச்சம் வைக்கேல்ல." அவருக்கு இதில் அவ்வளவு சந்தோசம். அடுத்த நாள் சித்தப்பாவுக்கும் சொல்லிச் சிரித்தார்.

அந்தப் பேச்சுக்குப் பிறகுதான் கடோபநிடதத்தில் வருகிற நசிகேதன் கதை எனக்கு வேறாகத் தெரிந்தது. யமனிடம் போய், சாவுக்குப் பின் என்ன என்று கேட்ட பிள்ளை என்றுதான் எல்லோருக்கும் ஞாபகம். யமன் கொடுத்த மூன்று வரங்களில் அவன் அதைக் கேட்டது மூன்றாவதில். முதல் வரம் என்ன? தன்மீது கோபம் கொண்ட தகப்பனின் மனம் ஆற வேண்டும், தான் திரும்பிப் போகும்போது அவர் தன்னை அடையாளம் கண்டு முகம் கொடுத்துப் பேச வேண்டும். வீட்டுக் கணக்கு முதலில், சாவின் ரகசியம் பிறகு. யமனுடைய வாசலில் நின்றும் அவனுக்கு அந்த ஒழுங்கு தெரிந்திருந்தது. தமிழில் வாங்கியதும் கடன்தான், செய்ய வேண்டியதும் கடன்தான். காலைக்கடன், ஈமக்கடன், பிதிர்க்கடன். இத்தனை வருடம் இந்தச் சொல்லை வாயில் வைத்திருந்தும், அப்பா அந்தக் கொப்பியைத் தந்த பிறகுதான் காதில் விழுந்தது.

யூலை 9ஆம் தேதி, கொழும்பில் சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்து நீச்சல் தடாகத்தில் குளித்ததைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். அப்பா கண்ணைத் திறந்து பார்த்து, "தண்ணி சுத்தமோ?" என்று கேட்டார். அதுதான் அவர் சொன்ன கடைசிப் பகிடி. அடுத்த நாளிலிருந்து சாப்பாட்டுக்கு வாய் திறக்கவில்லை.

அந்தக் கடைசி நாலு நாளைப் பற்றி விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சாப்பாடு வேண்டாம் என்பது பிடிவாதம் அல்ல. உடம்பு மூடத் தொடங்கும்போது பசியும் தாகமும் தானாகவே குறையும். வற்புறுத்தி ஊட்டினால் விழுங்கத் தெரியாமல் சுவாசப்பைக்குள் போகும். எங்களில் சாகும் நேரம் பால் பருக்குவது வழக்கம். வந்த ஒவ்வொரு மாமியும் கரண்டியோடு நின்றார்கள். முதல் நாள் ஒருவர் ஒரு கரண்டி பாலை வாயில் விட, அப்பா புரைக்கேறி நீலம் பாரித்து, பத்து நிமிடம் துடித்தார். என் கண் முன்னே. அதற்குப் பிறகு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். சுத்தமான பஞ்சைப் பாலில் நனைத்துப் பிழிந்து, உதட்டில் தொட்டுவிடக் கொடுத்தேன். பால் பருக்கினதாகவும் ஆச்சு, உதடும் காயாமல் இருந்தது. மாமிமாருக்கும் மனம் ஆறியது. வழக்கத்தோடு சண்டை பிடிக்கத் தேவையில்லை, அளவைக் குறைத்தால் போதும்.

இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைத்தோம், படுக்கைப்புண் வராமல். கால் குளிர்ந்து, முழங்காலில் ஊதாக் கோலம் போலத் தடம் விழுந்தது. மூச்சு பெரிதாகிப் பெரிதாகிப் பிறகு சிறிதாகி, நின்றுவிடும். இருபது, முப்பது எண்ணுவேன். மறுபடி தொடங்கும். தொண்டைக்குள் கரகரவென்று ஒரு சத்தம். அதைக் கேட்டு எல்லோரும் பதறினார்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டோடுவோம் என்று ஒருவர் ஓட்டோவையும் பிடித்துவிட்டார். நான் டொக்டருக்குப் போன் எடுத்தேன். தேங்கிய சளியில் காற்று போகிற சத்தம், கேட்கிற உங்களுக்குத்தான் வேதனை, அவருக்கு இருக்காது, தலையைக் கொஞ்சம் சரித்து வையுங்கோ என்றார். சரித்ததும் பாதி குறைந்தது. ஓட்டோக்காரருக்கு வந்துபோன காசைக் கொடுத்து அனுப்பினோம். அப்புறம், காது கடைசி வரை கேட்கும் என்கிறார்கள், அதனால் பக்கத்தில் நின்று காணி, காசு, யார் யாருக்கு என்ன என்ற பேச்சை எடுக்கவே கூடாது. எடுத்தார்கள். நான் அவர்களைக் குசினிக்கு அனுப்பிவிட்டுச் சிவபுராணம் படித்தேன். இடையில் வரி மறந்துபோனது. சித்தப்பா எடுத்துக் கொடுத்தார்.

14ஆம் தேதி விடிய 4.20. நான் முப்பது எண்ணி, அறுபது எண்ணி, நூறு எண்ணினேன். சிங்கப்பூரிலிருந்து ஜனாதிபதியின் ராஜினாமா மின்னஞ்சலில் வந்த நாள் அது. அப்பா இருந்திருந்தால், முத்திரை இல்லாமல் ஒரு ராஜினாமாவா என்று கேட்டிருப்பார்.

ரொறொன்ரோவில் இருக்கிற தம்பிக்கு முதலில் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். அங்கே அப்போது முன்னைய நாள் மாலை ஏழு மணிக்குக் கிட்ட. வேலை முடிந்து பஸ்ஸில் வருவான், வீட்டுக்குப் போய்ச் சேரட்டும் என்று அரை மணித்தியாலம் பொறுத்தேன். அதற்குள் சொந்தக்காரர் ஒருவர் அப்பாவின் படத்தைப் போட்டு, 'கண்ணீர் அஞ்சலி' என்று பேஸ்புக்கில் ஏற்றிவிட்டார். தம்பி பஸ்ஸுக்குள் நின்றபடி அதைத்தான் முதலில் பார்த்தான். "அக்கா, நீ எனக்குச் சொல்லேல்ல" என்றான். இன்றைக்கும் சொல்வான். தந்திக் காலத்தில் ஒரு ஆளாவது வாசலில் வந்து நின்று, பேரைக் கேட்டு, கையில் கொடுத்தார். இப்போது நான் தெரிந்தவர்களுக்குச் சொல்வது இதுதான்: யார் யாருக்கு முதலில் போன் எடுப்பது என்று ஒரு தாளில் ஐந்து பெயரை எழுதி வையுங்கள். அந்த ஐந்து முடியும் வரை யாரும் போனைத் தொடக்கூடாது என்று ஒருவரைக் காவல் வையுங்கள்.

தம்பியால் உடனே வர முடியவில்லை. வந்தாலும் கட்டுநாயக்காவிலிருந்து திருகோணமலைக்கு வர எந்த வானுக்குப் பெற்றோல்? மரண சகாய சங்கத்தார் கதிரையும் பந்தலும் கொண்டுவந்தார்கள். சவ வண்டிக்கு ஐந்து லீற்றர் பெற்றோலை யாரோ ஒருவர் தன் மோட்டார் சைக்கிள்களிலிருந்து இறக்கித் தந்தார். கொப்பியின் வலப்பக்கத்தில் நான் எழுதிய முதல் வரி அதுதான். தம்பியின் இடத்தில் என் மகன் நின்று கொள்ளி வைத்தான், தம்பி வட்ஸ்அப்பில் பார்த்தான். உரலில் சுண்ணம் இடித்தபோது உலக்கையை நானும் பிடித்தேன். எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு அம்மாவும் வந்து பிடித்தார். அவருடைய மகன் போரின் கடைசிக் காலத்தில் காணாமற்போனவன். அவனுக்கு இன்னும் எட்டும் இல்லை, அந்தியேட்டியும் இல்லை, திவசமும் இல்லை. செய்ய அவர் சம்மதிக்கவில்லை, செய்யச் சொல்ல எங்களுக்கும் வாய் வரவில்லை. உலக்கை விழ விழ அவர் அழுதது எங்கள் அப்பாவுக்காக இல்லை என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். நான் இரவில் பேசிய எந்தத் தத்துவமும் அந்த அம்மாவின் கணக்குக்குக் கிட்டப் போகாது.

பெட்டி படலையைத் தாண்டியது. பெண்கள் அதோடு நிற்க வேண்டும். மூன்று கிழமை குளிப்பாட்டித் துடைத்த நான் படலையடியில் நின்றேன். இது சரியா பிழையா என்று அன்றைக்கு வாதாட எனக்குத் தெம்பு இல்லை. இன்றைக்குத் தெம்பு இருக்கிறது, என் மகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்: எனக்கு நீ சுடலை வரை வா.

கடதாசி வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். வீட்டில் இயற்கையாக நேர்ந்த மரணம் என்றால் முதலில் கிராம சேவகர், அவருடைய அறிக்கையோடு பதிவாளர். கிளினிக் கொப்பியும் நோய் விபரச் சீட்டும் கையில் இருந்தால் இறப்புக்குக் காரணம் எழுதுவது சுகம். திடீர்ச் சாவு என்றால் மரண விசாரணை அதிகாரி வரும் வரை உடலை எடுக்கக்கூடாது. இறப்புச் சான்றிதழில் எழுத முன்னரே பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். அப்பாவின் பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு விதம், உறுதியில் முதலெழுத்து வேறு. மூன்றும் ஒரே ஆள்தான் என்று சத்தியக்கடதாசி முடிக்க இரண்டு மாதம் அலைந்தேன். உயிரோடு இருக்கும்போது அரை நாள் வேலை அது. ஓய்வூதியம் எடுப்பவர் என்றால் உடனே பிரதேச செயலகத்துக்கு அறிவிக்க வேண்டும், இறந்த பிறகு கணக்கில் விழுந்த காசைத் திருப்பிக் கட்ட வேண்டி வரும். ஏ.டி.எம். அட்டை கையில் இருக்கிறதே, இரகசிய இலக்கமும் தெரியுமே என்று எடுக்கத் தோன்றும். எடுக்காதீர்கள். மூன்று நாள் செலவுக்கு வேறாகக் கொஞ்சம் காசு வீட்டில் இருக்கட்டும். மரண சாசனம் எழுதுவதென்றால் நொத்தாரிசும் இரண்டு சாட்சியும், நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகள் ஒரே நேரத்தில். அப்பா முதல் வகையில் எழுதி வைத்திருந்தார், அதனால் வீட்டு விசயத்தில் ஒரு சத்தமும் இல்லை.

31ஆம் நாளுக்குத் தம்பி வந்துவிட்டான். கல்வெட்டு, அதாவது செத்தவர் நினைவாக அச்சிடும் புத்தகம், அடிக்க வேண்டாம் என்று அப்பா கொப்பியிலேயே எழுதியிருந்தார், அந்தக் காசில் அரிசியைக் கொடுக்கச் சொல்லி. கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போன வருடம் அது, அச்சகக்காரர் சொன்ன விலையைக் கேட்டுத் தம்பியும் மறுபேச்சுப் பேசவில்லை. இருபத்தைந்து கிலோ அரிசியைப் பத்திரகாளி அம்மன் கோயிலில் இறக்கினோம். அந்தியேட்டிக் கிரியையைக் கடற்கரையில் முடித்துவிட்டு, இந்த ஊர் வழக்கப்படி கன்னியாவுக்கு வெந்நீர்க் கிணற்றில் குளிக்கப் போனோம். இராவணன் தாய்க்கு ஈமக்கடன் செய்வதற்காக வாளால் ஏழு இடத்தில் குத்தி எடுத்த ஊற்று என்று சின்னதில் அப்பா சொல்லிக் கேட்ட கதை. ஏழு கிணறும் சின்னச் சதுரத் தொட்டி மாதிரி, கிட்டக் கிட்ட, ஒன்றுக்கொன்று சூடு வித்தியாசம்.

ஊரார் கூடி அழுது, பேரை நீக்கிப் பிணம் என்று பெயரிட்டு, சுட்டுவிட்டு, நீரில் மூழ்கி நினைப்பையும் ஒழித்துவிடுகிறார்கள் என்று திருமூலர் பாடியதை எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு குற்றச்சாட்டுப் போலத்தான் படிப்பித்தார்கள். பார், எவ்வளவு சீக்கிரம் மறந்துவிட்டார்கள் என்று. முதல் வாளி தண்ணீர் தலையில் விழுந்தபோது சுட்டது. ஒரு மாதமாக மரத்துக் கிடந்த தோளில் யாரோ கை வைத்ததுபோல இருந்தது. அடுத்த வாளி, அடுத்த கிணறு. ஐந்தாவது கிணற்றடியில் நிற்கும்போது எனக்குச் சரியான பசி வந்தது. நான் பசியோடு நிற்கிறேன் என்பதையே நம்ப முடியவில்லை. சாம்பல் அள்ளும் காடாத்து, எட்டாம் நாள், 31, மாதாமாதம் மாசியம், வருடம் முடிய ஆட்டைத் திவசம். இடைவெளியைப் பாருங்கள், கூடிக்கொண்டே போகிறது. யாரோ துக்கப்பட்டவர்களை வைத்து நன்றாகக் கணக்குப் பார்த்துத்தான் இதை ஒழுங்குபடுத்தியிருக்க வேண்டும். திருமூலர் குற்றம்தான் சாட்டினாரா என்று இப்போது எனக்குச் சந்தேகம். வழியில் ஒரு கடையில் தம்பியும் நானும் ஆளுக்கு எட்டு இடியப்பம் சாப்பிட்டோம்.

கொப்பியில் மிச்சம் குடை மட்டும்தான்.

அலுமாரிக்கு மேலே, வீரகேசரியில் சுற்றி, சணல் கயிற்றால் கட்டிக் கிடந்தது. மரப்பிடி வைத்த கறுத்தக் குடை. முன்பு கிண்ணியாவுக்குப் பாலம் இல்லை, 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில்தான் ஏறிப் போகவேண்டும். துறையடியில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த முஸ்லிம் அண்ணர், காக்கா என்றுதான் கூப்பிடுவோம், மழை நாள் ஒன்றில் அப்பாவுக்குக் குடையைக் கொடுத்திருக்கிறார். பிறகு அப்பாவுக்கு இடமாற்றம், அதன் பிறகு போர், போக்குவரத்து இல்லை. அதற்குப் பிறகு, பிந்தப் பிந்த வெட்கம். 2009இல் பாலம் திறந்து போக்குவரத்து பாதையிலிருந்து பாலத்துக்கு மாறிய பிறகும், எத்தனையோ தடவை அதன் மேலால் பஸ்ஸில் போயும், அப்பா குடையைக் கொண்டுபோகவில்லை.

விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். காக்கா இருக்கிறார். எண்பது தாண்டிவிட்டது, கண் மங்கல். கடை, பாலம் வந்த வருடமே மூடியாயிற்றாம். அப்பாவின் பெயரைச் சொன்னதும், "தபால் கந்தோர் ஐயாவா?" என்று எழும்பி இருந்தார். செய்தியைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்கட ஆக்கள்ல ஜனாஸா தொழுகைக்கு முன்னம் கேப்பாங்க மகள், மவுத்தானவர் ஆருக்கும் கடன் குடுக்க இருந்தா இப்ப சொல்லுங்க எண்டு. பிள்ளைகள் நாங்க பொறுப்பு எண்டு சொல்லணும். நீங்க கேக்காமலே வந்திருக்கிறீங்க" என்றார். மருமகள் தேத்தண்ணியும் வட்டிலப்பமும் கொண்டுவந்து வைத்தார்.

குடையைக் கையில் கொடுத்தேன். பிடியைத் தடவிப் பார்த்தார். முற்றத்துக்குப் போய் விரித்தார். சீலை இரண்டு இடத்தில் பொத்தல், ஒரு பக்கம் தொங்கியது. கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் எண்ணிக்கொண்டு போனவர் ஓரிடத்தில் நின்றார். எனக்கு நெஞ்சு திக்கென்றது.

"கம்பி ஒண்டு முறிஞ்சிருக்கு," என்றார். "அது வாப்பாட கணக்கில்ல மகள். நான் குடுக்கக்குள்ளயே முறிஞ்சுதான் இருந்திச்சு."